அஷ்ரஃபுக்கு எத்தனை புள்ளி போடுவோம்?

ஒரு புதிய அரசியல்வாதி மேடையேறியதும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது அவருடைய கொள்கைச் சுத்தத்தை. நேற்று எந்தக் கட்சி மேடையில் நின்றார், யாருடன் சிரித்துப் படம் எடுத்தார், சமூகத்தின் விவகாரத்தில் வாய் திறந்தாரா இல்லையா என்று தோண்டித் துருவுகிறோம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பல புதுமுகங்கள் பாராளுமன்றம் சென்றதன் பின்னர் இந்தத் துருவல் இன்னும் கூடியிருக்கிறது. அமெரிக்காவில் இதை முறையாகவே செய்கிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையில் ஒவ்வொரு வேட்பாளரும் எவ்வளவு உறுதி என்று பார்த்து, அங்குள்ள தேசிய துப்பாக்கிச் சங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போடுவது போல ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. சற்று விட்டுக்கொடுத்தால் தரம் இறங்கிவிடும்.

பம்பலப்பிட்டியில் படிப்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் புள்ளி போடுவது என் அன்றாட வேலை. ஒரே ஒரு கேள்விக்கான விடையை வைத்து ஒரு பிள்ளையை எடைபோடக் கூடாது என்பது எங்களுக்குக் கலாசாலையில் சொல்லித்தந்த முதல் பாடங்களில் ஒன்று. இன்று நாம் புதியவர்கள் மீது வைக்கும் அளவுகோலை மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் மீது வைத்தால் என்ன நடக்கும்? துப்பாக்கியா வாக்கா என்ற கேள்வியும், யாருடன் சேரலாம் யாருடன் சேரக் கூடாது என்ற கேள்வியும் அவருடைய காலத்தில் நம் சமூகத்துக்கு உயிர்ப் பிரச்சினைகளாக இருந்தன. ஆகவே அவருடைய வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

அஷ்ரஃப் 1948 ஒக்டோபர் 23 இல் சம்மாந்துறையில் பிறந்தார். கல்முனையில் வளர்ந்து, கொழும்பு சட்டக் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியானார். அரசியலில் அவர் எடுத்த முதல் நிலைப்பாடே இன்றைய சுத்தவாதிகளை முகம் சுளிக்க வைக்கும். 1977 பொதுத் தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி, தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு செய்துகொண்டு களமிறங்கியது. தனிநாடு கேட்ட கூட்டணியின் மேடைகளில் இளம் அஷ்ரஃப் பேசினார். முஸ்லிம் மக்கள் அந்த அழைப்பை ஏற்கவில்லை.

அந்தத் தோல்வியிலிருந்து அவர் ஒன்றைக் கற்றார். வடகிழக்கு முஸ்லிம்களுக்காகப் பேச இன்னொருவரின் கட்சி போதாது என்பதே அது. 1981 இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் உருவானது. 1986 இல் கொழும்பில் கூடிய மாநாடு அதை நாடளாவிய அரசியல் கட்சியாக அறிவித்தது. 1988 இல் தேர்தல் ஆணையாளரின் அங்கீகாரமும் மரச் சின்னமும் கிடைத்தன.

இந்த வருடங்களை வெறும் கட்சி வரலாறாகப் படித்தால் அதன் கனம் விளங்காது. அது கிழக்கில் துப்பாக்கியே சட்டமாக இருந்த காலம். தமிழ் இளைஞர்களின் இயக்கங்கள் அனைத்தும் ஆயுதம் தரித்திருந்தன. முஸ்லிம் இளைஞர்கள் சிலரும் அவற்றில் சேர்ந்திருந்தனர். 1985 ஏப்ரலில் கல்முனை, காரைதீவுப் பக்கம் தமிழ், முஸ்லிம் ஊர்கள் மோதிக்கொண்டு எரிந்தன. நமக்கும் ஓர் இயக்கம் வேண்டும், நம் கையிலும் துப்பாக்கி வேண்டும் என்ற பேச்சு அந்த நாட்களில் இளைஞர்களிடையே எழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கோபத்தை அஷ்ரஃப் வாக்குப் பெட்டியின் பக்கம் திருப்பினார். அவருடைய அரசியலை ஏற்காதவர்களிலும் பலர் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. விடுதலைப் புலிகள் அதைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். களத்தில் நின்ற தமிழ்க் கட்சிகளுக்குப் பின்னால் இந்திய இராணுவம் இருந்தது, அவர்களிடம் சொந்த ஆயுதங்களும் இருந்தன. ஆயுதப் பிரிவு எதுவும் இல்லாத முஸ்லிம் காங்கிரஸ் 71 ஆசனங்களில் 17 ஐ வென்று பிரதான எதிர்க்கட்சியானது. துப்பாக்கி இல்லாமலும் இந்தச் சமூகத்தின் குரலை ஒலிக்கச் செய்யலாம் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

அதற்கு அடுத்த மாதமே அடுத்த பழி வந்தது. டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அவர் ரணசிங்க பிரேமதாசவை ஆதரித்தார். ஐக்கிய தேசியக் கட்சியை எதிர்த்து வளர்ந்தவர் அதே கட்சியின் வேட்பாளருக்குக் கைகொடுத்தது கொள்கைத் துரோகமாகப் பலருக்குப் பட்டது. ஆனால் அந்தப் பேரத்தின் விலை என்ன என்று பாருங்கள். விகிதாசாரத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெற, குறைந்தது 12.5 வீத வாக்குகள் வேண்டும் என்றிருந்த வெட்டுப்புள்ளி, 15 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் 5 வீதமாகக் குறைந்தது. முஸ்லிம் காங்கிரஸுக்கு மட்டும் கிடைத்த சலுகையல்ல அது. நாட்டின் எல்லாச் சிறிய கட்சிகளுக்கும் கதவு திறந்தது. 2020 இல் மூன்றே ஆசனங்களுடன் தாக்குப்பிடித்து 2024 இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தியும் அந்தக் கதவால் நுழைந்து நடந்ததுதான்.

1989 பெப்ரவரியில் அஷ்ரஃப் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு வருடம் கிழக்கு இரத்தத்தில் நனைந்தது. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேல் ஷஹீதாக்கப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரில் படுகொலை. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப் பேரும் ஒரு சில நாட்களுக்குள் விரட்டப்பட்டார்கள். நம் ஊர்களுக்கு அரசாங்கம் ஊர்காவல் படை அமைத்துத் துப்பாக்கி கொடுத்தது. பிள்ளை குட்டிகளோடு இரவு விழித்திருந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது என்பதை எவரும் மறுக்க முடியாது.

ஆனால் அதே துப்பாக்கிக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1992 ஏப்ரல் 29 இல் பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அன்றே அயலிலுள்ள முத்துக்கல், கரப்பொல ஆகிய தமிழ்க் கிராமங்களில் அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பழிவாங்கலில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்தது. நம் துயரத்தைச் சொல்லும்போது இதையும் சொல்வதுதான் நீதி. காவலுக்காகக் கொடுத்த துப்பாக்கி, கோபம் வந்த நாளில் யார் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் ஊர்காவல் துப்பாக்கிக்கே இந்த நிலை என்றால், ஒரு முஸ்லிம் இயக்கம் உருவாகியிருந்தால் கிழக்கு என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

1994 ஓகஸ்ட் தேர்தலில் சந்திரிகா குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களையும் முஸ்லிம் காங்கிரஸ் 7 ஆசனங்களையும் பெற்றன. 225 பேர் கொண்ட சபையில் ஆட்சியமைக்க அந்த ஏழும் இல்லாமல் முடியாது. அஷ்ரஃப் கப்பல், துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரானார். பிரேமதாசவுக்குக் கைகொடுத்தவர் ஆறு வருடத்தில் எதிரணிக்கும் கைகொடுத்துவிட்டார் என்று மறுபடியும் தரம் இறக்கப்பட்டார். ஒலுவிலில் 1995 இல் ஆரம்பித்த தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி மறு வருடமே முழுப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கு எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

கடைசி மாற்றம்தான் பெரியது. தக்பீர் முழக்கத்தோடு கட்சி வளர்த்தவர் 1999 இல் எல்லா இனத்தவரும் சேரக்கூடிய தேசிய ஐக்கிய முன்னணியைத் தொடங்கினார். தீகவாபி விவகாரத்தில் தம்மைக் குற்றஞ்சாட்டிய கங்கொடவில சோம தேரரோடு தொலைக்காட்சியில் நேருக்கு நேர் அமர்ந்து வாதாடினார். சமூகக் கட்சியைக் கைவிடுகிறாரோ என்ற சந்தேகம் அவருடைய சொந்த ஆதரவாளர்களிடமே இருந்தது. அதற்கு முழு விடை சொல்ல அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. 2000 செப்டம்பர் 16 இல், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில், அவர் சென்ற ஹெலிகொப்டர் அரநாயக்க மலையில் விழுந்தது. அப்போது வயது 51.

அவரிடம் குறையே இருக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மார்க்கச் சுலோகங்களைத் தேர்தல் மேடைக்கு ஏற்றியதன் விளைவை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். ஒரு தனி மனிதரைச் சுற்றியே கட்சியைக் கட்டியதால் அவர் போனதும் அது துண்டு துண்டானது. பேரம் பேசும் கலையை அவரிடம் கற்ற பலர், எதற்காகப் பேரம் பேச வேண்டும் என்பதைக் கற்கவில்லை. அவர் வெட்டுப்புள்ளியைக் குறைக்கக் கேட்டார். பின்வந்தவர்களில் சிலர் அமைச்சுப் பதவியோடு நின்றுகொண்டார்கள்.

சுத்தத்துக்கான புள்ளித்தாளில் அஷ்ரஃப் நான்கு முறை தோற்றிருப்பார். கூட்டணி மேடை, பிரேமதாச, சந்திரிகா, தேசிய ஐக்கிய முன்னணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புக் கோடு. ஆனால் ஆரம்பம் முதல் இறுதி வரை ஒன்றில் மட்டும் அவர் மாறவில்லை. இந்தச் சமூகத்தின் பாதுகாப்பை வாக்கிலும் சட்டத்திலும் பேச்சுவார்த்தையிலும்தான் அவர் தேடினார்.

கொள்கைச் சுத்தம் என்ற ஒன்றையே அளவுகோலாக வைத்தவர்கள் எங்கே போய் முடிந்தார்கள் என்பதை 2019 ஏப்ரல் 21 நமக்குக் காட்டியது. தங்களைத் தவிர எவரும் தூய முஸ்லிம் இல்லை என்று தொடங்கிய ஒரு சிறு கூட்டம் இறுதியில் குண்டைக் கையில் எடுத்தது. அதன் விலையைத் தேவாலயங்களில் பிரார்த்தித்த அப்பாவிகள் உயிரால் கொடுத்தார்கள். ஒரு பாவமும் அறியாத நம் சமூகம் இன்றும் அதைச் சுமக்கிறது. கட்சி பிறந்த அதே காத்தான்குடியில்தான் அந்தக் கூட்டமும் வேர்விட்டது என்பது வேதனையானது.

ஆகவே புதிதாக வருபவரை எடைபோடும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். அவர் விட்டுக்கொடுத்தபோது பதிலுக்கு மக்களுக்கு என்ன வாங்கினார்? அவர் வாங்கியது அடுத்த சமூகத்தின் பிள்ளைக்கும் பயன்படுமா? ஊர் கொதித்து நிற்கும் நாளில் இளைஞர்களின் கையைத் தட்டிவிட அவருக்குத் துணிவு இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை சரியாக இருந்தால், நேற்று அவர் யாருடன் படம் எடுத்தார் என்பதை மன்னித்துவிடலாம்.

மர்ஹூம் அஷ்ரஃபின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவருடைய நற்காரியங்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.