ஆளை அறிந்த அய்யா: தி.சு. அவினாசிலிங்கம்



மேட்டுப்பாளையம் ரோட்டில் ஊட்டிக்குப் போகும்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். சாயிபாபா காலனிப் பக்கம் பாரதி பார்க் ரோட்டில் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகத்தையும் பார்த்திருப்பீர்கள். ஆண்டுதோறும் நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு தொகை சேர்வதையும் சிலர் கவனித்திருப்பீர்கள். இந்த மூன்றுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே மனிதர். நம் ஊர்க்காரர் பலர் அய்யா என்றே குறிப்பிடும் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார்.

நம் குடியிருப்பு விழாக்களில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் நல்லது செய்கிறவர்கள் மதிப்பெண் வாங்குகிறவர்கள் மட்டும்தானா? அவர்களை எப்படிக் கண்டுகொள்வது, எப்படிப் பாராட்டுவது? இந்தக் கேள்விக்கு அய்யாவின் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது.

திருப்பூரிலிருந்து சென்னைக்கு

1903 மே 5 அன்று திருப்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவினாசிலிங்கம். திருப்பூரிலும் கோவையிலும் பள்ளிப் படிப்பு. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டம், பிறகு சட்டப் படிப்பு. வக்கீலாகத் தொழில் நடத்தி, குடும்பச் சொத்தையும் கவனித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரை இழுத்தவை இரண்டு. ஒன்று காந்தியின் இயக்கம், மற்றொன்று ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வழி. விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1930-இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயாவைச் சின்ன அளவில் தொடங்கினார். 1934-இல் காந்தியடிகள் கோவைப் பக்கம் வந்தபோது பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டினார். சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி ஒரே பந்தியில் சாப்பிடுகிற பள்ளி அது. தங்கள் துணியைத் துவைப்பது, இடத்தைச் சுத்தம் செய்வது, தோட்ட வேலை, கைத்தொழில் எல்லாம் படிப்பின் பகுதிகள். அந்தக் காலத்துக் கொங்குக் கிராமங்களில் யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று கணக்குப் பார்த்தார்கள். அப்போது இப்படி ஒரு விடுதியை நடத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நிறுவனர் அடிக்கடி சிறைக்குப் போய்விடுகிறார். அப்போதும் பள்ளி நின்றுவிடவில்லை. ஆசிரியர்கள் நடத்தினார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு பள்ளி ஆசிரியர்

ஈரோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில் 1908-இல் பிறந்தவர் பெரியசாமி. தூரன் என்பது அவருடைய குலப்பெயர். சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட துயரத்தில் இறுதித் தேர்வை எழுதாமலே வந்துவிட்டார். கோபிசெட்டிபாளையத்தில் ஆசிரியராக இருந்துவிட்டுப் பிறகு வித்யாலயாவுக்கு வந்தார். வகுப்பு நேரம் போக மற்ற நேரத்தில் கவிதை, கதை, நாடகம், இசைப் பாட்டு. பழைய சுதேசமித்திரன் இதழ்களைத் தேடிப் பாரதியின் எழுத்துகளைக் கையால் நகல் எடுத்தார். கொங்கு நாட்டுக் கிராமத்து மக்கள் பாடும் பாட்டுகளையும் சேகரித்தார். இன்று சபாக்களில் கேட்கும் 'முருகா முருகா', 'தாயே திரிபுரசுந்தரி' இரண்டும் இந்தப் பள்ளி ஆசிரியர் இயற்றியவைதான்.

இப்படி ஒருவர் இன்று நம் பிள்ளைகளின் பள்ளியில் இருந்தால் என்ன செய்வோம்? ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்வோம். கைதட்டுவோம். மறுநாள் சிலபஸ் முடிந்ததா என்று கேட்போம்.

அய்யா என்ன செய்தார் என்று பார்ப்போம்.

அமைச்சரான பிறகு

1946-இல் அவினாசிலிங்கம் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். முதலில் பிரகாசம் அமைச்சரவையிலும், பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலுமாக 1949 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இருந்தது மூன்று ஆண்டுதான். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக்கினார். பாடத்திட்டத்தில் திருக்குறளைச் சேர்த்தார். நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. நம் சொத்து வரியோடு சேரும் நூலக வரி அந்தச் சட்டத்தின் வழி வந்தது. பாரதி பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு ஏற்றதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அதே காலத்தில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவரும் வேலையைக் கையில் எடுத்தார். அறிவியல், மருத்துவம், சட்டம், வரலாறு, கலை என்று எல்லாத் துறைகளையும் அகர வரிசையில் தமிழிலேயே சொல்ல வேண்டும். பல துறைகளுக்குத் தமிழில் சொல்லே இல்லாத காலம். பல ஊர் அறிஞர்களிடம் கட்டுரை வாங்க வேண்டும், திருத்த வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நடைக்குக் கொண்டுவர வேண்டும். சென்னையில் பேராசிரியர்களுக்கும் பண்டிதர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அதன் முதன்மை ஆசிரியர் பொறுப்பு பெரியநாயக்கன்பாளையத்துப் பள்ளி ஆசிரியரான தூரனிடம் வந்தது.

ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் பாராட்டு அன்று மாலையோடு முடிந்துவிடும். இது இருபது ஆண்டுப் பொறுப்பு. முதல் தொகுதி 1954-இல் வந்தது. பத்தாவது தொகுதி 1968-இல் வந்தது. அதோடு தூரன் ஓயவில்லை. குழந்தைகளுக்காகத் தனியாக இன்னொரு பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை கொண்டுவந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய நம் வாசகர்கள் பலர் பள்ளி நூலகத்தில் அந்தக் கனத்த புத்தகங்களைப் புரட்டியிருப்பீர்கள்.

இனி நான் சொல்ல வந்த செய்தி. கலைக்களஞ்சியம் நிறைவடைந்த 1968-ஆம் ஆண்டில் மத்திய அரசு தூரனுக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அவினாசிலிங்கம் அய்யாவுக்கு அதே பத்மபூஷண் கிடைத்தது 1970-இல். நிறுவனருக்கு முன்பாக, அவர் பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியருக்கு நாட்டின் விருது வந்துவிட்டது. எத்தனை நிறுவனங்களில் இப்படி நடக்கும்? பணியாளர் செய்த வேலைக்குத் தலைவர் மாலை வாங்கிக்கொள்வதைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம்.

பெண்கள் கல்வி

அய்யா பின்னர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்தார். 1957-இல் கோவையில் மகளிருக்காக மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அங்கேயும் அவர் நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தவர் ஒரு கல்வியாளர்தான்: ஊட்டச்சத்து நிபுணர் டாக்டர் ராஜம்மாள் பா. தேவதாஸ். அக்கல்லூரி 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது அவரே துணைவேந்தரானார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதைப் பார்க்க அய்யா இல்லை. 1991 நவம்பர் 21 அன்று அவர் காலமானார். தூரன் அவருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1987-இல் மறைந்துவிட்டார்.

நமக்கு என்ன?

கொங்கு மண்டலத்தில் பள்ளி என்றாலே மதிப்பெண் என்று ஆகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படம் போட்ட பிளெக்ஸ் போர்டுகளை நாமக்கல், ஈரோடு சாலைகளில் வரிசையாகப் பார்த்தவர்கள் நாம். 2017-இல் தமிழக அரசு பொதுத் தேர்வில் முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. ஆனாலும் நம் மனதிலிருந்த ரேங்க் பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பட்டியலை மட்டும் வைத்து ஆள் எடுத்திருந்தால், தேர்வெழுதாமல் எழுந்து வந்த தூரனுக்கு அதில் இடமே இருந்திருக்காது.

அய்யாவின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை எளிமையானவை. ஒருவர் தன் கடமைக்கு மேல் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து கவனிப்பது முதலாவது. அதற்குப் பொருத்தமான வேலையையும் நேரத்தையும் கொடுப்பது அடுத்தது. வேலை முடிந்ததும் பெயர் அவருக்கே போகும்படி ஒதுங்கி நிற்பதுதான் இருப்பதிலேயே கடினமானது.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தை ஒட்டி அரசு நல்லாசிரியர் விருது வழங்குகிறது. நம் குடியிருப்பிலும் வீட்டுக்கு ஒரு பெயரை யோசித்துப் பாருங்கள். தடுமாறும் பையனை மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் டீச்சராக இருக்கலாம். அழுகிற யு.கே.ஜி. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்ளும் ஆயாம்மாவாக இருக்கலாம். கடைசிப் பிள்ளை வீட்டுக்குள் நுழையும்வரை வண்டியை எடுக்காத பள்ளி வேன் டிரைவர் அண்ணனாக இருக்கலாம். புதிதாகச் சேர்ந்த பையனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்ட உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

யார், என்ன செய்தார் என்று நாலு வரி எழுதிப் பள்ளி நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுங்கள். அவருக்குத் திறமை இருக்கும் வேலை நம் குடியிருப்பில் இருந்தால், நூலக அலமாரியோ, பிள்ளைகளின் நாடகமோ, அந்தப் பொறுப்பை அவரிடம் கேட்டுப் பாருங்கள். விழா மேடையில் அடுத்த முறை கேடயம் கொடுக்கும்போது, மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்த இரண்டாவது பட்டியலையும் வைத்துக்கொள்வோம்.