பாதியில் நின்ற பாடல்



ஜெர்மனி நாட்டின் கூசல் என்னும் சிற்றூரில் 1930ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் பிறந்தவர் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ். தாய், தந்தை இருவருமே இசைக் கலைஞர்கள். முதல் உலகப்போரில் அடைந்த காயங்களாலும் நாத்சிகள் கொடுத்த நெருக்கடியாலும் மனமுடைந்த தந்தை, 1935இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தாய் இசைப்பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வறுமையில் வளர்ந்த மகனும் நடன விருந்துகளில் அக்கார்டியன் வாசித்துச் சம்பாதித்தார்.

1950இல் ஃபிரைபுர்க் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். மார்கரெத்தே ஃபொன் வின்டர்ஃபெல்ட் என்ற ஆசிரியையிடம் குரற்பயிற்சி பெற்றார். கூடவே ஹார்ன் என்னும் ஊதுகருவியையும் கற்றார். மூச்சை அடக்கி ஆளும் திறனை அக்கருவி அவருக்குத் தந்தது. பகலில் படிப்பு, இரவில் நடன இசைக்குழுவில் வேலை என்று ஐந்து ஆண்டுகள் உழைத்தார்.

1955இல் ஷ்டுட்கார்ட் ஓப்பெரா அரங்கில் சிறு வேடங்களோடு தொடங்கினார். மூத்த பாடகர் ஒருவர் நோயுற்றபோது, மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஓப்பெராவில் இளவரசர் தமினோவாகப் பாடும் வாய்ப்பு வந்தது. ஆயத்தமாக இருந்தவருக்கு அந்த ஓர் இரவு போதுமானதாயிற்று. சால்ஸ்பர்க், மியூனிக், வியன்னா அரங்குகள் அவரை அழைத்தன.

புகழ் வந்த பின்னும் அவர் மாணவராகவே இருந்தார். பியானோ கலைஞர் ஹூபர்ட் கீசனிடம் அமர்ந்து, கவிதைப் பாடல்களைச் சொல் சொல்லாகப் பயின்றார்.

1966இல், ஹைடனின் 'படைப்பு' என்னும் திருஇசைக் காவியத்தில் வானதூதர் ஊரியேலின் பாடல்களைக் கராயன் இசை நடத்தப் பதிவுசெய்தார். மனிதன் படைக்கப்பட்ட மாண்பைப் பாடுபவர் இந்த வானதூதரே. இடையில் வரும் வசனப் பகுதிகள் மட்டும் எஞ்சியிருந்தன. செப்டம்பரில் நண்பரின் வேட்டை இல்லத்துப் படிக்கட்டில் தவறி விழுந்தார். 17ஆம் நாள் ஹைடல்பர்க் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அவரது 36ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள்களே இருந்தன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பெராவில் முதன்முறை பாடுவதற்குச் சில வாரங்களே இருந்தன.

எஞ்சிய பகுதிகளை வெர்னர் கிரென் என்ற மற்றொரு பாடகர் பாடி முடித்தார். இன்றும் அந்த இசைப்பதிவில் இரு குரல்களும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன.

நாம் தொடங்கும் எல்லாவற்றையும் நாமே முடிப்பதில்லை. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், பாடம் சொல்லும் ஆசிரியரும், ஆலயம் எழுப்பும் பங்கு மக்களும் இதை அறிவர். நம் பங்கை இன்று நிறைவாகப் பாடுவோம். மீதியைப் பாட இறைவன் வேறொரு குரலை எழுப்புவார்.