கோஷா ஆஸ்பத்திரி கண்ட அம்மையார்

1845-ம் ஆண்டு. லண்டன் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பத்தாம் நாள் அது தாயை இழந்தது.

தாய்முகம் அறியாத அந்தக் குழந்தைதான், பின்னாளில் கடல் கடந்து வந்து, சென்னையில் தாய்மாரைக் காக்க ஓர் ஆஸ்பத்திரி கண்டது. அவர்தான் டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார்.

மேரியைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். வில்லியம் ஷார்லீப் என்ற பாரிஸ்டருக்கும் அவருக்கும் 1865-ல் திருமணம் நடந்தது. கணவருக்குச் சென்னையில் வக்கீல் தொழில். புதுப்பெண்ணும் உடன் கப்பல் ஏறினார்.

இருட்டறையில் பிரசவம்

கணவரின் சட்டப் பத்திரிகை வேலையில் உதவி செய்துகொண்டு, வீடும் குழந்தைகளுமாக அவர் வாழ்ந்திருக்கலாம். ஆனால் இந்நாட்டுப் பெண்களின் நிலை அவரை உறங்கவிடவில்லை.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம் நாட்டு வழக்கு. அக்காலத்தில் அது வெறும் பேச்சல்ல. சென்னையிலிருந்து முத்துக்குளித்த கொற்கை வரை, பெரும்பாலும் பிரசவம் வீட்டில்தான் நடந்தது. காற்றோட்டம் இல்லாத ஓர் அறை. கைராசியை நம்பிய ஒரு மருத்துவச்சி. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ, பிறகு தெய்வம் விட்ட வழி.

சென்னை எழும்பூரில் 1844 முதலே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் கோஷா பெண்கள் அங்கே போவதில்லை. அன்னிய ஆண்மகன் முகத்தில் விழிப்பதே குற்றம் என்றிருந்தவர்கள், ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டுவார்களா? மானம் பெரிதா, உயிர் பெரிதா என்ற கேள்விக்குப் பல வீடுகள் மானமே பெரிது என்று விடை சொல்லின. உயிர்கள் போயின.

பெண் டாக்டர் வந்தால்தான் இதற்கு வழி பிறக்கும் என்று மேரி கண்டார். அந்தப் பெண் டாக்டர் தாமாகவே ஏன் இருக்கக்கூடாது என்றும் எண்ணினார்.

நான்கு மாணவிகள்

எழும்பூர் ஆஸ்பத்திரியில் ஓராண்டு பிரசவம் பார்க்கக் கற்றார். அது போதாது என்று தோன்றியது. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது; பிள்ளை பெற்ற தாய்.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் எடின்பரோ நகரில், மருத்துவம் படிக்க வந்த மாணவிகளைச் சேற்றை வாரி இறைத்துத் தடுக்கப் பார்த்தார்கள். சென்னையிலோ, சர்ஜன் ஜெனரல் பால்பர் ஆதரவு தந்தார். நான்கு பெண்களுக்குக் கதவு திறந்தது. 1878-ல் மேரி தேர்ச்சி பெற்றார்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் பட்டம் தர முன்வந்த ஆண்டு அது. லண்டன் சென்று மீண்டும் மாணவியானார். 1882-ல் எம்.பி., பி.எஸ். பட்டமும், பிரசவ மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார். அடுத்து வியன்னா சென்றார். டாக்டர்கள் கையைக் கழுவினாலே பிரசவக் காய்ச்சல் குறையும் என்பதை 1847-ல் செம்மல்வைஸ் கண்டறிந்த நகரம் அதுதான். அங்கே பிரசவ அறுவை முறைகளைப் பயின்றார்.

பெண்களே நடத்திய ஆஸ்பத்திரி

1883-ல் சென்னை திரும்புமுன் விக்டோரியா மகாராணியைக் கண்டு, இந்தியப் பெண்களின் துயரத்தை எடுத்துரைத்தார். 1885-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டில் கோஷா பெண்களுக்கான ஆஸ்பத்திரி பிறந்தது. மகாராணியின் பெயரையே அது தாங்கியது. மருந்து கொடுப்பவரும் பெண். கத்தி எடுப்பவரும் பெண். மூடு வண்டிகளில் பெண்கள் தயங்கித் தயங்கி வரத் தொடங்கினர்.

ஆனால் அம்மையாரின் உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. ஓயாத உழைப்பும் வெயிலும் வாட்டின. 1887-ல் தாம் நட்ட செடியை விட்டு அவர் பிரிய வேண்டியதாயிற்று. செடி பட்டுப்போகவில்லை. வெங்கடகிரி ராஜா ஒரு லட்ச ரூபாய் நன்கொடை அளித்தார். 1890-ல் சேப்பாக்கம் கடற்கரை அருகே ஆஸ்பத்திரி இடம் பெயர்ந்தது.

லண்டனில் அம்மையார் 1888-ல் எம்.டி. பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. அறுவை சிகிச்சையில் பெரும்புகழ் பெற்றார். 1926-ல் 'டேம்' விருது வந்தது. 1930 நவம்பரில் மறைந்தார்.

அவர் கண்ட ஆஸ்பத்திரி இன்று கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி. ஆனாலும் மக்கள் வாயில் அது இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான். அவர் படித்த கல்லூரியில் 1907-ல் ஒரு தமிழ்ப்பெண் நுழைந்து, 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். அவர்தான் முத்துலட்சுமி ரெட்டி.

1965-ல் திருநெல்வேலிக்கும் மருத்துவக் கல்லூரி வந்தது. பொருநைக் கரைப் பெண் இன்று பிரசவத்துக்குப் போனால், பெண் டாக்டர் வந்து கைபிடித்துப் பார்ப்பதில் வியப்பு ஏதுமில்லை. அந்த வியப்பை இல்லாமல் செய்ததில், பத்து நாளில் தாயை இழந்த அந்தக் குழந்தைக்கும் பங்கு உண்டு.