நிலநடுக்க அறிஞர் இமாமுரா

நிலநடுக்கம் அடிக்கடி நேரும் நாடு ஜப்பான் என்பதை நாம் அறிவோம். அந்நாட்டின் காகோஷிமா நகரில் 1870-ஆம் ஆண்டில் அக்கித்சுனே இமாமுரா பிறந்தார். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே பேராசிரியர் ஒமோரியின் கீழ் நிலநடுக்க ஆய்வில் ஈடுபட்டார்.

முற்காலத்தில் தோக்கியோவைத் தாக்கிய நிலநடுக்கங்களை அவர் பழைய ஏடுகளிலிருந்து கணக்கிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்குள் மற்றொரு பெரும் நிலநடுக்கம் வரக்கூடும் என்று 1905-இல் எழுதினார். மர வீடுகள் நெருங்கிய அந்நகரில் குழாய்கள் உடைந்து நீர் நின்றுவிட்டால், தீயினால் இலட்சம் உயிர்கள் மடியக்கூடும் என எச்சரித்தார். மண்ணெண்ணெய் விளக்குகளைக் கைவிடுமாறும் வேண்டினார்.

மக்கள் பீதியுற்றனர். அதனைத் தணிக்க விரும்பிய ஒமோரி, அக்கருத்து ஆதாரமற்றது என மறுத்தார். இமாமுரா பழிச்சொல்லுக்கு ஆளானார். எனினும் ஆய்வைக் கைவிடவில்லை.

1923 செப்டம்பர் முதல் நாள், நண்பகலை ஒட்டி, அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் நிலம் குலுங்கியது. எங்கும் தீ மூண்டது, அணைக்க நீரில்லை. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தீக்கு இரையானவர்களே. அயல்நாடு சென்றிருந்த ஒமோரி நோயுற்றுத் திரும்பி, அவ்வாண்டே காலமானார். அவரது பொறுப்பை இமாமுரா ஏற்றார்.

அடுத்த ஆபத்து தென்மேற்குக் கடற்கரையில் நேரலாம் எனக் கருதிய அவர், சொந்தப் பணத்தையும் செலவிட்டு அங்கே ஆய்வு நிலையங்களை அமைத்தார். 1944-இலும் 1946-இலும் அப்பகுதியில் பெரும் நிலநடுக்கங்கள் நேர்ந்தன. 1948-இல் இமாமுரா மறைந்தார்.

நிலநடுக்கத்தை நம்மால் தடுக்க இயலாது. அது வரும் நாளைக் குறிக்கவும் இயலாது. ஆயினும், முன்னேற்பாட்டினால் அழிவைக் குறைக்கலாம். இதுவே அவருடைய வாழ்வு நமக்குப் புகட்டும் பாடமாகும்.