திருமணி ஆஸ்பத்திரியில் டாக்டர் காக்ரேன்

மதுராந்தகத்தில் ரயில் ஏறி வடக்கே போனால் செங்கற்பட்டு வரும். அதற்கு அருகே உள்ள ஊர் திருமணி. 1924-ம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயாளிகளுக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது.

அந்த வாசலை மிதிக்க எளிதில் கால் வராது. நோயைவிட, டாக்டர் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்கே பயம். பெருவியாதிதான் என்று அவர் சொல்லிவிட்டால் வீடும் இல்லை, ஊரும் இல்லை. திக்கற்ற நோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க 1898-ம் வருஷத்துச் சட்டம் வேறு இருந்தது.

இந்த ஆஸ்பத்திரிக்கு 1930-களில் தலைமை டாக்டராக வந்தவர் ராபர்ட் காக்ரேன். 1899-ல் சீனாவில் பிறந்தவர். தந்தையும் டாக்டர், பீகிங் நகரில் மருத்துவக் கல்லூரி கண்டவர். மகனோ தொழுநோய்க்கே வாழ்நாளைக் கொடுத்தார்.

என்ன சொல்வது?

அன்று கையில் இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். அதை ஊசியாக வருஷக்கணக்கில் போட வேண்டும். வலியோ அதிகம், பலனோ நிச்சயமில்லை. குணமாகுமா என்று நோயாளி கேட்டால் நேர்மையான டாக்டர் என்ன சொல்வார்? ஆகும் என்றால் பொய். ஆகாது என்றால் அவன் மனம் முறிந்துவிடும்.

ஆனால் சொல்லத்தக்க உண்மை ஒன்று இருந்தது. இந்த நோயில் பல வகை உண்டு. எல்லோரிடமிருந்தும் அது தொற்றாது. காது மடலில் சிறிது கீறி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கிருமி உண்டா என்று தெரிந்துவிடும். கிருமி இல்லாதவரை ஊர் ஒதுக்க நியாயமே இல்லை.

1941-ல் அமெரிக்காவில் கார்வில் ஆஸ்பத்திரியில் சல்போன் மருந்து பலன் தந்தது. ஆனால் விலை அதிகம். 1946-ல் காக்ரேன் செங்கற்பட்டில், அதன் மூலப்பொருளான டாப்சோனையே எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார். நோய் பின்வாங்கியது. பின்னர் அது ஏழைக்கும் எட்டும் மாத்திரையாயிற்று. நம்பிக்கையும் உண்மையும் முதன்முறையாக ஒரே வாக்கியத்தில் சேர்ந்தன.

மடங்கிய கை

ஆயினும் கசப்பான பாதி ஒன்று மிச்சம் இருந்தது. கிருமி போகும், மரத்துப்போன கைக்கு உணர்ச்சி திரும்பாது. கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டால் சுடுவது தெரியாது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் நோய் தீர்ந்தவன் புண்ணால் விரலை இழப்பான்.

1947-ல் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் சர்ஜன் செங்கற்பட்டுக்கு வந்தார். மடங்கிய கைகளைக் கண்டு, இவற்றுக்கு ஏன் வழி தேடவில்லை என்று காக்ரேனைக் கேட்டார். எலும்பு வைத்தியர் எவரும் இதுவரை இதை ஆராயவில்லை என்பதே பதில். அப்போது ஒரு நோயாளியின் பிடி இரும்பாக இருந்ததைப் பிராண்ட் உணர்ந்தார். தசையில் பலம் இருக்கிறது! அதை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை அங்கிருந்தே கிளைத்தது.

காக்ரேன் 1985-ல் மறைந்தார். திருமணி ஆஸ்பத்திரியை 1955-ல் மத்திய சர்க்கார் ஏற்றது. 1980-களில் வந்த கூட்டு மருந்தால் 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் நோய் தீர்கிறது. ஆனால் 1898-ம் வருஷத்துச் சட்டம் ஒழிய 2016 வரை ஆயிற்று. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்த ஷரத்து 2019-ல்தான் நீங்கியது.

குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னால் மட்டும் போதாது. அதை ஊரும் காதில் வாங்க வேண்டும்.