புலிக்குக் குரல் கொடுத்தவர்

நான் இந்த வாரம் எழுதுவது வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனைப் பற்றி. 1910-ல் செகந்திராபாத் பக்கம் பொலாரத்தில் பிறந்தவர். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை. லீவு கிடைத்தால் போதும், காட்டுக்குக் கிளம்பிவிடுவார். கையில் 405 வின்செஸ்டர் துப்பாக்கி. அதன் குண்டு 10 மில்லிமீட்டருக்கும் மேல் பருமன்.

குண்டு பெரிசா இருந்தா போதுமா? போதாது, படுகிற இடம்தான் முக்கியம். மானோ புலியோ, முன்னங்கால் சப்பைக்குப் பின்னாடி பட்டால் நெஞ்சுக்குப் போகும், சீக்கிரம் விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து துடிக்கும். வடக்கே ஜிம் கார்பெட் 275 என்ற சின்னக் குண்டிலேயே, அதுவும் ஒரு கையால் சுட்டு, சௌகர் புலியை வீழ்த்தினாரே!

அப்போ நம்ம சேலம் மாவட்டத்தில் இருந்த ஜவளகிரியில் ஒருத்தர் சுட்ட குண்டு ஒரு பெண்புலிக்குச் சரியாகப் படவில்லை. காயத்தோடு தப்பிய அது அப்புறம் மனுஷங்களையே அடிக்க ஆரம்பித்தது. ஆண்டர்சன் ஆண்புலி மாதிரி குரல் கொடுத்து அதைக் கிட்டே வரவழைத்துச் சுட்டார். (நினைச்சாலே எனக்கு நடுங்குது!) 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் இந்தக் கதை இருக்கு.

பிற்காலத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டு கேமராவோடு காட்டுக்குப் போனார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போ மானைச் சுட்டால் ஜெயில்தான். ஆண்டர்சன் 1974-ல் பெங்களூரில் காலமானார்.