திருப்பூரின் முதல் எம்.பி. யார் தெரியுமா? 52 வருஷம் காணாமல்போன தொகுதியின் கதை!

தொகுதி மறுவரையறை என்ற பேச்சு வந்தாலே எத்தனை சீட் கூடும், எத்தனை குறையும் என்ற கணக்குதான் முதலில் ஓடும். ஆனால் ஒரு ஊரின் பெயரே தொகுதிப் பட்டியலில் இருந்து போய்விட்டால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி இல்லை. பனியன் நகரமான திருப்பூருக்கு நடந்த விஷயம்தான்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் திருப்பூர் என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இருந்தது. 1957 தேர்தலில் அது இல்லை. மறுபடி அந்தப் பெயர் வாக்குச்சீட்டுக் காலம் முடிந்து, வாக்குப்பதிவு இயந்திரக் காலத்தில், 2009-ல்தான் வந்தது. நடுவில் 52 ஆண்டுகள்!

அந்த முதல் தேர்தலில் திருப்பூரில் ஜெயித்து டெல்லி போனவர் தி.சு.அவிநாசிலிங்கம் செட்டியார். கோவையில் இருக்கும் மகளிர் பல்கலைக்கழகத்தின் பெயரில் அவரைப் பலருக்கும் தெரியும். ஆனால் அவர் திருப்பூர் எம்.பி.யாக இருந்தவர் என்பது உள்ளூரிலேயே நிறைய பேருக்குப் புதுத் தகவலாகத்தான் இருக்கும்.

யார் இந்த அவிநாசிலிங்கம்?

1903 மே 5-ம் தேதி திருப்பூரில், வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பக்கத்து ஊரான அவிநாசியில் கோயில் கொண்டிருக்கும் சாமியின் பெயர்தான் அவருக்கும். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து, பிறகு சட்டமும் முடித்தார். வக்கீல் தொழில், குடும்பச் சொத்து என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு விஷயங்கள் அவரை வேறு பக்கம் இழுத்தன. ஒன்று, ராமகிருஷ்ணர் - விவேகானந்தர் இயக்கம். இன்னொன்று, காந்தி.

அன்றைய திருப்பூரும் அதற்கு ஏற்ற ஊர்தான். பனியன் கம்பெனிகள் பெருகுவதற்கு முன்பு இது பருத்திச் சந்தைக்கும் கதருக்கும் பேர்போன ஊர். 1932 ஜனவரியில் கொடி காத்த குமரன் போலீஸ் தடியடியில் உயிர்விட்டதும் இதே ஊரில்தான்.

1930-ல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை ஆரம்பித்தார் அவிநாசிலிங்கம். எல்லா சாதிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டுப் படிக்கும் குருகுலப் பள்ளி அது. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் பெரியநாயக்கன்பாளையத்தில் பெரிய கல்வி வளாகமாக வளர்ந்தது இதுதான். கடைசிவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுதலைப் போராட்டத்தில் பல முறை ஜெயிலுக்கும் போனார்.

மூன்று மாவட்டத்துக்கு ஒரு தொகுதி

அவிநாசிலிங்கத்தின் தேர்தல் கணக்கு 1952-க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1935 முதல் 1945 வரை டெல்லியில் இருந்த மத்திய சட்டசபையில் அவர் உறுப்பினர். அப்போது அவருடைய தொகுதி எது தெரியுமா? சேலம், கோவை, கூடவே வட ஆற்காடு. இன்றைய கணக்கில் பார்த்தால் பல மாவட்டங்கள் சேர்ந்த நிலப்பரப்பு. ஆனால் ஓட்டுப் போடும் உரிமை சொத்து உள்ளவர்கள், வரி கட்டுபவர்கள் என்று ஒரு சிறு பகுதியினருக்குத்தான். தறி ஓட்டியவருக்கும் பருத்தி எடுத்தவருக்கும் அதில் இடம் கிடையாது.

அமைச்சராக மூன்று வருஷம்

1946-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு வந்த அவிநாசிலிங்கம், பிரகாசம் அமைச்சரவையிலும் அடுத்து வந்த ஓமந்தூரார் அமைச்சரவையிலும் கல்வி அமைச்சராக இருந்தார். 1949 வரை, ஏறத்தாழ மூன்றே வருஷம்தான். ஆனால் அதற்குள் நடந்த வேலைகள் இன்றைக்கும் நிற்கின்றன.

முதலாவது, தமிழ்க் கலைக்களஞ்சியம். 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் மூலம் தமிழில் ஒரு முழுமையான கலைக்களஞ்சியம் கொண்டுவரும் திட்டம் உருவானது. அதற்கு முதன்மை ஆசிரியராக வந்தவர் வித்யாலயத்தில் ஆசிரியராக வேலை பார்த்த பெரியசாமித் தூரன். 1954-ல் முதல் தொகுதி வந்தது, 1968-ல் பத்தாவது தொகுதி. இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் எல்லாத் தொகுதிகளையும் காசில்லாமல் படிக்கலாம்.

இரண்டாவது, பாரதியார். பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை அப்போது ஏவி.மெய்யப்பனிடம் இருந்தது. ஒரு மகாகவியின் பாட்டைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி கேட்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மெய்யப்பன் பணம் வாங்காமலே உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ல் பாரதியின் எழுத்துகளை அரசே ஏற்றது. அந்த முடிவு எடுக்கப்பட்டபோது கல்வித் துறை அவிநாசிலிங்கத்திடம்தான் இருந்தது. பள்ளிப் பாடத்தில் திருக்குறளுக்கு இடம் தந்ததும், உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழிக் கல்விக்கு அழுத்தம் கொடுத்ததும் அவருடைய காலத்து வேலைகள்தான்.

இந்தி சர்ச்சை

ஆனால் இந்தப் பக்கத்தை மட்டும் சொன்னால் கதை முழுசாகாது. 1948-ல் ஓமந்தூரார் அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அப்போதும் கல்வி அமைச்சர் இதே அவிநாசிலிங்கம்தான். பெரியார் மறுபடி இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கினார். காங்கிரஸ் மேடைகளில் வளர்ந்த ம.பொ.சி., திரு.வி.க. போன்றவர்களும் எதிர்ப்புக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று.

குறளைப் பாடத்தில் வைத்தவரும், கட்டாய இந்திக்குப் பொறுப்பேற்றவரும் ஒரே ஆள். தமிழ் வளர வேண்டும், நாட்டுக்கு ஒரு பொது மொழியும் வேண்டும் என்ற காந்திய வழி அது. அவருக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. தெருவில் நின்றவர்களுக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டு அரசியல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பியது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

1952: காங்கிரஸ் திணறிய தேர்தல்

21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று வந்த முதல் தேர்தல் இது. வாக்குச்சாவடியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கும். பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த சின்னத்தின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை.

சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு அது நல்ல காலம் இல்லை. 375 சட்டசபை இடங்களில் 152-தான் கிடைத்தது. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். 75 மக்களவை இடங்களில் 35-தான் காங்கிரஸுக்கு. அந்த 35-ல் ஒன்று, திருப்பூர். பக்கத்துக் கோவைத் தொகுதியில் டி.ஏ.ராமலிங்கம் செட்டியார் போட்டியே இல்லாமல் தேர்வானார்.

தொகுதி எங்கே போச்சு?

1957 தேர்தலுக்கு எல்லைகளை மாற்றி வரைந்தபோது திருப்பூர் தொகுதி மறைந்தது. கோபிசெட்டிபாளையம் என்ற புதுத் தொகுதி வந்தது. அவிநாசிலிங்கம் 1958 முதல் 1964 வரை மாநிலங்களவையில் இருந்தார்.

இதற்கிடையில் ஊர் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறியது. உள்ளூர் பனியன் 1970-களின் கடைசியில் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்தது. வெளி மாவட்டங்களில் இருந்தும், பிறகு வடமாநிலங்களில் இருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஆனால் மக்களவைக் கணக்கில், 2004 தேர்தல் வரை திருப்பூர் கோவைத் தொகுதிக்குள் இருந்த ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

2008 மறுவரையறையில் கதை தலைகீழானது. கோபி மக்களவைத் தொகுதி போய், திருப்பூர் திரும்ப வந்தது. திருப்பூர் சட்டமன்றத் தொகுதியும் வடக்கு, தெற்கு என்று இரண்டானது. 2009-ல் அ.தி.மு.க.வின் சி.சிவசாமி, 2014-ல் அதே கட்சியின் வி.சத்தியபாமா, 2019-லும் 2024-லும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே.சுப்பராயன் என வென்றார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. இன்றைய திருப்பூர் மக்களவைத் தொகுதியில் இருக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி ஆகிய நான்கும் ஈரோடு மாவட்டம். திருப்பூர் மாவட்டத்தின் எட்டு தொகுதிகளோ ஐந்து எம்.பி.க்களுக்குப் பிரிந்து கிடக்கின்றன. தாராபுரம், காங்கயம் ஈரோட்டுக்கு. உடுமலை, மடத்துக்குளம் பொள்ளாச்சிக்கு. பல்லடம் கோவைக்கு. அவிநாசி நீலகிரிக்கு. சாயக்கழிவு, குடிநீர், ரயில் என்று எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் ஒரே மாவட்டத்துக்காரர்கள் ஐந்து பேரிடம் போய்ச் சொல்ல வேண்டிய நிலை.

கடைசிக் காலம்

தேர்தல் அரசியலில் இருந்து விலகிய அவிநாசிலிங்கம் முழுக்கக் கல்விப் பக்கம் போய்விட்டார். 1957-ல் கோவையில் அவர் தொடங்கிய மனையியல் கல்லூரி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 1970-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1991 நவம்பர் 21-ல் காலமானார். திருப்பூர் மறுபடி தொகுதியாகும்போது அவர் இறந்து 17 வருஷம் ஆகியிருந்தது.

அவர் மக்களவை எம்.பி.யாக இருந்தது ஒரே ஒரு முறை. அந்தத் தொகுதியும் அடுத்த தேர்தலிலேயே இல்லாமல் போனது. ஆனால் கலைக்களஞ்சியத்தைத் திறப்பவர்களும், பாரதி பாட்டை யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடுபவர்களும், அவர் கல்லூரியில் படித்து வேலைக்குப் போன பெண்களும் எந்தத் தொகுதி வாக்காளர்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அவர் பெயரில் இருக்கும் அவிநாசி மட்டும் இன்றைக்கு நீலகிரி எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறது.